மார்பக சுயபரிசோதனை: இளம்பெண்கள் ஏன் செய்வதில்லை, எதைச் செய்தால் போதும்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பவர்கள் ஆய்வேட்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் சில திரும்பத் திரும்ப வரும். கல்லூரி மாணவிகளிடையே மார்பக சுயபரிசோதனை பற்றிய அறிவும் மனப்பான்மையும் என்பது அவற்றில் ஒன்று. செய்முறையும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். முதலில் ஒரு வினாத்தாள், பிறகு படம் போட்ட அட்டைகளோடு ஒரு வகுப்பு, ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் ஏறியிருக்கும். ஒரு வாரத்துக்கு முன் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டால் ஏறத்தானே செய்யும்.

இந்த ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் மாறாமல் வரும். சுயபரிசோதனை என்று ஒன்று உண்டு எனக் கேள்விப்பட்டவர்கள் நிறைய; மாதாமாதம் செய்பவர்கள் கொஞ்சம். செவிலியர் படிப்பிலேயே இருக்கும் மாணவிகளிடம் கேட்டாலும் இதே கதை. இடைவெளிக்குக் காரணமாக எழுதப்படுபவை கூச்சம், அறியாமை, அலட்சியம். பரிந்துரை என்ற இடத்தில் ‘மேலும் விழிப்புணர்வு தேவை’ என்று முடிந்துவிடும்.

இந்த முடிவில் பாதிதான் சரி. செய்யாத பெண்ணிடம் குறை தேடுகிற அளவுக்கு, அவளிடம் எதைச் செய்யச் சொல்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

மனப்பான்மையை அளக்க இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் விக்டோரியா சாம்பியன் 1984-இல் வெளியிட்டு, பின்னர் விரிவாக்கிய அளவுகோலை, அல்லது அதைத் தழுவிய ஒன்றை. அதன் அடித்தளம் 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் சமூக உளவியலாளர்கள் உருவாக்கிய உடல்நல நம்பிக்கை மாதிரி. இந்த நோய் எனக்கு வரலாம் என்று எண்ணுகிறாளா, வந்தால் எவ்வளவு மோசம் என்று நினைக்கிறாளா, பரிசோதனையால் பலன் உண்டு என்று நம்புகிறாளா, தடைகள் என்ன, தன்னால் சரியாகச் செய்ய முடியும் என்ற தைரியம் உண்டா, பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உண்டா என்று ஆறு கோணங்களில் கேள்விகள் போகும்.

முதல் கோணத்திலேயே ஒரு சிக்கல். பத்தொன்பது வயதுப் பெண் ‘எனக்கு மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு குறைவு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால், அளவுகோலில் அவளுக்கு மதிப்பெண் குறையும். மனப்பான்மை சரியில்லை என்று கணக்காகும். ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம்; உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022 மதிப்பீட்டில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 புதிய நோயாளிகள், 98,000 இறப்புகள். மேலைநாடுகளைவிட இங்கே பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதும் சரி. அதன் பொருள் 60-களில் வருவது 40-களிலும் 50-களிலும் வருகிறது என்பதே. முப்பதுக்குள் வருவது அரிது, இருபதுக்குள் மிக மிக அரிது. கல்லூரி வகுப்பில் இந்தப் பெரிய எண்களைத் திரையில் காட்டி, அவை எந்த வயதினரின் எண்கள் என்று சொல்லாமல் விட்டால், பயந்த பெண் பயப்படுவாள்; கணக்குத் தெரிந்த பெண் நம்பமாட்டாள்.

கூச்சம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. மேலாடை இல்லாமல் கண்ணாடி முன் நில்லுங்கள் என்கிறது அட்டை. இரண்டு அறை வீட்டில் ஆளுயரக் கண்ணாடி எங்கே இருக்கும்? பீரோ கதவில். பீரோ எங்கே இருக்கும்? எல்லோரும் படுத்து எழும் அறையில். அடுத்து, தோளுக்கடியில் துண்டை மடித்து வைத்துப் படுங்கள் என்கிறது. விடுதியில் நான்கு பேர் அறையில் அதுவும் நடக்காது. மிச்சம் இருப்பது குளியலறை. அங்கும் வெளியே பக்கெட்டோடு ஆள் நிற்கும். இடமில்லாததைக் கூச்சம் என்று எழுதிக்கொள்வது ஆய்வாளருக்கு வசதி.

அடுத்து பயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உண்மையில் உயிரோடு விளையாடுவது இதுதான். பயப்படும் பெண் தேடுவதில்லை என்பதைவிட, தற்செயலாகக் கையில் பட்டதைச் சொல்வதில்லை என்பதே பெரிய நட்டம். சொன்னாலும் முதலில் அம்மாவிடம்தான். ‘சூட்டுக் கட்டியா இருக்கும், விளக்கெண்ணெய் தடவு, ரெண்டு நாள்ல அமுங்கிடும்’ என்று வந்துவிடும். வரன் பார்க்கும் வீடு என்றால் இன்னொரு கணக்கும் ஓடும்: ஸ்கேன் எடுக்கப் போனால் யார் பார்ப்பார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தால் தழும்பு இருக்குமா, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும். ‘கல்யாணம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போன கட்டிகளை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எவரும் அறிவார்கள். அவற்றில் அநேகம் புற்றே அல்ல. சில அப்படி இருப்பதில்லை. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்நேரம் நோய் சுற்றுத் திசுவுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ போயிருக்கிறது. இவர்களில் பலருக்குக் கட்டி இருப்பது முன்பே தெரியும்.

இனி, சொல்லிக்கொடுக்கப்படும் பரிசோதனையின் வரலாறு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1950-களிலிருந்தே மாதாந்தர சுயபரிசோதனையைத் தீவிரமாகப் பரப்பியது. மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே பரவாத காலம். கையை விட்டால் வேறு கருவி கிடையாது. சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் பிழைக்கலாம் என்ற தர்க்கத்தில் பிழையும் தெரியவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

சோதனை நடந்தது ஷாங்காயில். 1989 தொடங்கி, 519 நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை ஆலை வாரியாக இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செய்முறைப் பயிற்சி; ஓராண்டிலும் மூன்றாண்டிலும் மறுபயிற்சி; ஐந்து ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பில் செய்துகாட்டல். இவ்வளவு சிரத்தையாக நம் ஊர்க் கல்லூரி எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. மற்றக் குழுவுக்கு இது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2002-இல் முடிவு வந்தது: பயிற்சி பெற்ற குழுவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு 135, பெறாத குழுவில் 131. ரஷ்யாவில் நடந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்து 3,88,535 பெண்களின் தரவை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2003-இல் ஆராய்ந்தபோதும் இறப்பில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறொன்றில் இருந்தது. புற்று இல்லை என்று முடிந்த திசுப் பரிசோதனைகள் பயிற்சிக் குழுக்களில் 3,406, மற்றவற்றில் 1,856.

ஏன் இப்படி? பயிற்சி பெறாத பெண்களும் குளிக்கும்போது, உடை மாற்றும்போது கட்டியைக் கண்டார்கள். கண்டதும் மருத்துவரிடம் போனார்கள். மாதாமாதம் தேடியவர்கள் கண்ட புற்று, தேடாதவர்கள் கண்டதைவிடச் சொல்லிக்கொள்ளும்படி சிறிதாக இல்லை. தேடியவர்கள் கூடுதலாகக் கண்டதெல்லாம் தீங்கற்ற கட்டிகள்.

இதற்குப் பிறகுதான் 2009-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, சுயபரிசோதனையைச் சொல்லித்தருவதே வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் புற்றைத் தேடிக் கண்டறியும் முறையாகப் பரிந்துரைப்பதில்லை. தன் மார்பின் இயல்பு தெரிந்து, மாற்றம் வந்தால் காட்டுவது என்ற அளவில் மட்டும் வலியுறுத்துகிறது. பிரிட்டன் இந்தப் பாதைக்கு 1990-களிலேயே போய்விட்டது.

இதே நேரத்தில் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை வேறொரு கேள்வியை எடுத்தது. பெண் தானே தேடுவதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதித்தால்? 1998-இல் தொடங்கி 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று. 2021-இல் வெளியான முடிவில், பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் முற்றுமுன் பிடிபட்டது. இறப்பு ஒட்டுமொத்தமாக 15 சதவீதம் குறைவு, ஆனால் அது புள்ளியியலில் உறுதிப்படவில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. அதாவது பலன் கிடைத்தது நடுத்தர வயதுக்கு மேல், பழகிய கையால், போக வேண்டிய இடம் தெரிந்த ஏற்பாட்டுக்குள்.

அப்படியானால் இளம்பெண் தொட்டே பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், பார்ப்பது நல்லது. தேதி குறித்துக்கொண்டு ‘புற்று இருக்கிறதா’ என்று தேடாமல், தன் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று கைக்குப் பழக்கிவைத்துக்கொண்டால் போதும். இரண்டும் ஒரே அசைவுகள்தான். ஆனால் ஒரு மாதம் தவறினால் முதல் வகையில் குற்ற உணர்வு வரும். இரண்டாவதில் ஒன்றும் ஆகாது.

நாள் முக்கியம். மாதவிடாய் வருவதற்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன் மாற்றத்தால் மார்பில் நீர் கோத்துக் கனக்கும், தொட்டால் வலிக்கும், எங்கு தொட்டாலும் முடிச்சு முடிச்சாகப் படும். அன்று பார்த்தால் தேவையில்லாத பயம்தான் மிச்சம். மாதவிடாய் தொடங்கிய நாளை ஒன்றாக எண்ணி, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் பார்த்தால் திசு தளர்ந்திருக்கும். பி.சி.ஓ.எஸ். போன்றவற்றால் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும் கர்ப்பிணிகளும் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். பால் கொடுப்பவர்கள், குழந்தை குடித்து முடித்துப் பால் இறங்கிய பிறகு பார்க்க வேண்டும்.

முதலில் கண். பீரோ கண்ணாடி கிடைக்காவிட்டால் குளியலறையில் கைக்கண்ணாடி போதும். கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்குமேல் தூக்கி ஒருமுறை, இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒருமுறை. மூன்றாவதைப் பலரும் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடுப்பில் அழுத்தும்போது மார்புக்குப் பின்னுள்ள தசை இறுகும். உள்ளே எதுவாவது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் குழி விழுந்து தெரியும். இரண்டு மார்பும் அளவில் சற்று வித்தியாசமாக இருப்பது இயல்பு. காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் சிறு சிறு புடைப்புகள் இருப்பதும் இயல்பு. அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பருவம் வந்ததிலிருந்தே காம்பு உள்ளே அமுங்கி இருந்தால் அதுவும் கவலையில்லை. நேற்று வரை வெளியே இருந்தது இன்று உள்ளே இழுத்திருந்தால் காட்ட வேண்டும்.

அடுத்து கை. விரல் நுனி வேண்டாம். நடு மூன்று விரல்களின் கடைசிக் கணுவில் இருக்கும் சதைப்பற்றைப் பயன்படுத்த வேண்டும். உணர்ச்சி அங்கேதான் நன்றாகத் தெரியும், நகமும் குத்தாது. இடது மார்புக்கு வலது கை, வலது மார்புக்கு இடது கை. படுக்க முடிந்தால், பார்க்கும் பக்கத்துத் தோளுக்கடியில் மடித்த துண்டை வைத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் மார்பு விலா எலும்பின் மேல் மெல்லிசாகப் பரவும். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு மல்லாந்து படுத்தாலும் வெளிப்பாதி அக்குள் பக்கம் சரிந்து தடித்துக்கொள்ளும். அவர்கள் லேசாக ஒருக்களித்து வெளிப்பாதியைப் பார்த்துவிட்டு, பிறகு மல்லாந்து உள்பாதியைப் பார்க்கலாம். படுக்க வழியில்லாதவர்கள் குளிக்கும்போது சோப்பு நுரையோடு நின்றபடியே பார்க்கட்டும். அரைகுறைதான், ஆனாலும் பார்க்காமல் இருப்பதைவிட மேல்.

எல்லை எது என்பதில்தான் பெரும்பாலான அட்டைகள் ஏமாற்றுகின்றன. படத்தில் வட்டமாக வரைந்திருப்பதால் மார்பு வட்டத்தோடு முடிகிறது என்று தோன்றும். மார்புத் திசு மேலே காறை எலும்பு வரை, கீழே பிராவின் பட்டை படியும் கோடு வரை, உள்ளே நடு நெஞ்செலும்பு வரை, வெளியே அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு வரை பரந்திருக்கிறது. மேல்-வெளிப்பக்கத்தில் ஒரு வால் போல அக்குளுக்குள்ளேயே நுழைகிறது. திசு அதிகம் இருப்பதும் அந்த மேல்-வெளிக் கால்பகுதியில்தான். புற்றுகளில் ஏறத்தாழ பாதி அங்கேதான் வருகின்றன. வட்டத்துக்குள்ளேயே தடவி முடிப்பவர்கள் இந்த வாலைத் தொடுவதே இல்லை.

அக்குளிலிருந்து நேர்கோட்டில் கீழே இறங்கி, ஒரு விரல் அகலம் உள்ளே நகர்ந்து, நேர்கோட்டில் மேலே ஏறி, மறுபடி நகர்ந்து இறங்கி, நெஞ்செலும்பு வரை போக வேண்டும். காம்பிலிருந்து சுழன்று வெளியே போகும் முறையைவிட இதில் இடம் விடுபடுவது குறைவு. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன வட்டமாக விரலைச் சுழற்றி, மூன்று அழுத்தம் தர வேண்டும். தோல் மட்டும் அசையும்படி லேசாக; நடுத் திசு வரை போகும்படி மிதமாக; விலா எலும்பு தட்டுப்படும்படி ஆழமாக. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் நகர்த்தவும். தூக்கினால் எங்கே விட்டோம் என்பது போய்விடும். முதல் தடவை ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அக்குளைத் தனியாகப் பார்க்கும்போது கையை முழுக்கத் தூக்கினால் தசைநார் இறுகிக் கணுக்கள் ஒளிந்துகொள்ளும். உட்கார்ந்து, கையைப் பக்கவாட்டில் கொஞ்சமாக விலக்கினால் போதும்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, விரல்களுக்கிடையே பிடித்துக் கிள்ளிப் பார்ப்பது. அப்படிப் பிடித்தால் எந்த மார்பிலும் கட்டி கிடைக்கும். இரண்டு, காம்பைப் பிதுக்குவது. பிதுக்கினால் பல பெண்களுக்குத் துளி திரவம் வரும், அதற்கு அர்த்தமில்லை; பிதுக்கப் பிதுக்க அது வந்துகொண்டே இருக்கும். மூன்று, தினமும் பார்ப்பது. ஒருமுறை சந்தேகம் வந்த பெண் நாளைக்கு நான்கு தடவை அதே இடத்தை அமுக்கி, அது வலிக்கத் தொடங்கி, வலி வந்ததே என்று இன்னும் பயப்படுவது வழக்கமாக நடப்பது.

கை இதையெல்லாம் பழகும்போது சில இயல்பான தடிப்புகள் தெரியவரும். மார்பின் கீழ் விளிம்பில் வளைகோடாக ஒரு தடிப்பு எல்லோருக்கும் உண்டு. நெஞ்செலும்போடு விலா சேரும் இடம் உருண்டையாகப் படும். மெலிந்த பெண்கள் அதைக் கட்டி என்று எண்ணி ஓடிவருவார்கள். மேல்-வெளிப்பகுதி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதேபோல இருந்தால் பெரும்பாலும் அது அவளுடைய அமைப்பு.

இளவயதில் நிஜமாகவே ஒரு கட்டி தட்டுப்பட்டால், அது ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரப்பர் போல உறுதியாக, விளிம்பு தெளிவாக, விரலுக்கடியில் பிடிபடாமல் கோலிக்குண்டு மாதிரி நழுவும். வலி இருக்காது. பதினைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் வருவது, புற்றாக மாறும் என்று பயப்பட வேண்டாதது. ஸ்கேனில் தன்மை உறுதியானால் சிறியவற்றை எடுக்காமலே, சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிதாக இருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ எடுப்பார்கள். வேகமாக வளர்வதில் ஃபில்லாய்ட்ஸ் என்ற வேறு வகை ஒளிந்திருக்கக்கூடும். கட்டி இருக்கும் இடம் ஒத்துழைத்தால் கருவட்டத்தின் விளிம்பை ஒட்டிக் கீறுவார்கள். ஆறியபின் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தழும்புக்காகத் தள்ளிப்போடுபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

தள்ளிப்போடாமல் காட்ட வேண்டியவை: விளிம்பு தெளிவில்லாமல், கல் போல, அசையாமல் ஒட்டியிருக்கும் கட்டி, எந்தக் கட்டியானாலும் அடுத்த மாதவிடாய் முடிந்தும் மறையாதது, தோலில் குழி, அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி துளைத்துளையான தடிப்பு, காம்பில் ஆறாத புண்ணோ செதிலோ, பிதுக்காமலே ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஒரே துளையிலிருந்து வரும் ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற கசிவு, அக்குளில் கணு. இரண்டு பக்கமும் பால் போல வந்தால் பெரும்பாலும் ஹார்மோன் விவகாரம். வயிற்று எரிச்சலுக்கென்று பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இது வரும். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு தலைகீழ் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: ‘வலிக்கவே இல்ல, அதனால ஒண்ணுமில்ல.’ இளம்பெண்களின் மார்பு வலி பெரும்பாலும் மாதவிடாய்ச் சுழற்சியோடு வந்து போவது. புற்றுக்கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பால் கொடுக்கும் பெண்களுக்கு இதோடு இன்னொரு பொறி. எந்தத் தடிப்பையும் ‘பால் கட்டியிருக்கு’ என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மருந்து சாப்பிட்டும் பத்து நாளில் கரையாத தடிப்புக்கு ஸ்கேன் எடுத்தாக வேண்டும்; தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம்.

சரி, காட்டுவது எங்கே? விழிப்புணர்வு அட்டைகளில் இல்லாத வரி இதுதான். ‘மருத்துவரை அணுகவும்’ என்பதோடு அட்டை முடிந்துவிடும். பெரும்பாலான பெண்கள் போவது மகப்பேறு மருத்துவரிடம். பெண் மருத்துவர் என்ற தைரியம், தவறில்லை. ஆனால் மார்பகக் கட்டியைப் பார்த்து முடிவெடுப்பது அறுவைச் சிகிச்சைத் துறை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சர்ஜரி ஓ.பி. என்று கேட்க வேண்டும். சீட்டு எழுதும் இடத்தில் ஆண்கள் நிற்பதைப் பார்த்து ‘நெஞ்சுல வலி’ என்று சொன்னால் ஈ.சி.ஜி. எடுக்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ‘மார்புல கட்டி, சர்ஜரி’ என்று இரண்டு வார்த்தை போதும். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் கூடவே ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கலாம், அம்மாவையோ அக்காவையோ உள்ளே அழைத்துக்கொள்ளலாம். போகும் முன் யாரிடமாவது விவரம் கேட்க வேண்டுமானால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது.

அங்கே நடப்பது மூன்று படி. கையால் பரிசோதனை, பிறகு படம், தேவைப்பட்டால் ஊசி. முப்பதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு முதல் படம் மேமோகிராம் அல்ல, அல்ட்ராசவுண்ட். இளவயது மார்பில் சுரப்பித் திசு அடர்த்தி. மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை, ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ‘எனக்கு இருபத்தி ரெண்டுதான், மேமோகிராம் எழுதிக்கொடுங்க’ என்று ஆய்வகத்தில் கேட்டுப் பணம் கட்டுவது வீண். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் அரிசி நீளத்துக்குச் சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பேச்சால் இந்தக் கட்டத்தில் எழுந்துபோகிறவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஊசி வைக்காமல் நேரே கத்தி வைப்பதுதான் தவறான சிகிச்சையில் முடியும்.

இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் புற்றுக்கட்டியை டி1 என்றும், இரண்டிலிருந்து ஐந்து வரை டி2 என்றும், அதற்கு மேல் டி3 என்றும் வகைப்படுத்துகிறார்கள். அளவு சிறிதாக இருக்கும்போது மார்பை வைத்துக்கொண்டே கட்டியை மட்டும் எடுக்கப் பெரும்பாலும் முடியும். மார்பைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் தள்ளிப்போடுபவர்கள்தான் கடைசியில் அதைப் பறிகொடுக்க நேர்கிறது.

இதுவரை சொன்னது சராசரி ஆபத்துள்ள பெண்களுக்கு. சிலருக்குக் கணக்கு வேறு. அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை ஆகியோரில் ஒருவருக்கு ஐம்பதுக்குள் மார்பகப் புற்றோ, எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். இந்தப் புற்றுகளின் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுப் பிறழ்வுகள் அப்பா வழியாகவும் வரும். நம் வீடுகளில் அம்மா வழி நோய் மட்டும்தான் பெண்ணுக்கு வரும் என்று நினைத்து, அத்தைக்கு வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சிறுவயதில் நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. கறுப்பு பிரா, டியோடரன்ட், மார்புக்குள் வைக்கும் செல்போன், சில்லறைப் பர்ஸ் ஆகியவற்றுக்கும் புற்றுக்கும் சம்பந்தம் நிரூபணமாகவில்லை.

கல்லூரியில் இதை எப்படிச் சொல்லித்தரலாம்? ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சிலிகான் மார்பு மாதிரிகளை வாங்கி மேசையில் வைப்பது முதல் வேலை. உள்ளே வெவ்வேறு ஆழத்தில் சிறிய கட்டிகள் பதித்த மாதிரிகள் கிடைக்கின்றன. கட்டி எப்படிப் படும் என்று கைக்குத் தெரியாத பெண்ணிடம் ‘கட்டி இருக்கிறதா பாருங்கள்’ என்பது, விலாசம் தராமல் வீடு தேடச் சொல்வது. அரங்கில் முந்நூறு பேரை உட்காரவைக்காமல், ஒரு செவிலியரோடு பத்துப் பத்துப் பேராகப் பெண்கள் மட்டும். அந்த ஊரில் எந்த மருத்துவமனை, எந்த அறை, எந்தக் கிழமை ஓ.பி. என்று எழுதிய சீட்டு ஒன்று கையில். பிந்தைய வினாத்தாளில் ‘சுயபரிசோதனை எத்தனை படி’ என்று கேட்பதற்குப் பதில், ‘நாளைக்குக் கட்டி தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வாய், எங்கே போவாய், எத்தனை நாளில்’ என்று கேட்டால் மனப்பான்மை என்ன என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த வகுப்பில் இன்னொரு பத்து நிமிடத்தை அம்மாக்களுக்காக ஒதுக்க வேண்டும். வயதுக் கணக்கில் ஆபத்து இருப்பது அவர்களுக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 5.6 சதவீதம். இந்தியச் சராசரி 0.9. இவ்வளவுக்கும் முப்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றாநோய்ப் பிரிவுச் செவிலியரால் இலவசமாகச் செய்யப்படுகின்றன. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் அதே கட்டடத்துக்குப் போய்வருகிற அம்மாக்கள் ஏராளம். மாத்திரை வாங்கும் நாளில் பக்கத்து அறையிலும் நுழைந்து ‘எனக்கும் பாத்துருங்க சிஸ்டர்’ என்று கேட்டால் ஆயிற்று. அதைச் சொல்லி உடன் அழைத்துப்போகக் கல்லூரியில் படிக்கும் மகள் வேண்டும். பல வீடுகளில் அவளைத் தவிர வேறு யாரும் சொல்லப்போவதில்லை.